கப்பலேறும் கார்: யார்டில் ஒப்படைப்பதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

கார் ஏற்றும் கப்பலில் ஒரு காருக்கும் பக்கத்துக் காருக்கும் நடுவே விடும் இடைவெளி சுமார் 10 சென்டிமீட்டர். முன்னால் நிற்கும் காரின் பின் பம்பருக்கும் உங்கள் காரின் முன் பம்பருக்கும் நடுவே 30 சென்டிமீட்டர். ஒரு தளம் முழுக்க இப்படி நிரம்பிவிட்டால், நடு வரிசையில் நிற்கும் காரின் பானெட்டைத் திறக்கக்கூட யாராலும் போக முடியாது. ஒயர் சூடாகிப் புகைந்தாலும், பெட்ரோல் சொட்டினாலும், கட்டிய பெல்ட் தளர்ந்தாலும், அடுத்த துறைமுகம் வரும்வரை அந்தக் கார் அப்படியேதான் நிற்கும். மாலுமிகள் சுற்றி வருவார்கள். ஆனால் அவர்கள் கை எட்டுவது நடைபாதையை ஒட்டிய வரிசைகளுக்கு மட்டும்தான்.

அதனால் காருக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் கரையிலேயே செய்து முடிக்க வேண்டும். அதிலும் பயன்படுத்திய காரை அனுப்புகிறவருக்குப் பொறுப்பு கூடுதல். தொழிற்சாலையிலிருந்து நேராக வரும் புதுக் கார் ஆயிரமும் ஒரே நிலையில் இருக்கும். பழைய கார் ஒவ்வொன்றும் ஒரு விதம். வரியும் இறக்குமதி விதியும் நாட்டுக்கு நாடு மாறுபவை, அவற்றை ஏஜென்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே பேசப்போவது காரையும் கப்பலையும் பற்றி மட்டும்.

கப்பலின் அமைப்பு

சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலும் வந்து நிற்கும் அந்தப் பெட்டி போன்ற உயரமான கப்பல்களை ரோரோ என்பார்கள். காரை கிரேனில் தூக்காமல், சாய்தளம் வழியாக ஓட்டியே ஏற்றி ஓட்டியே இறக்குவது. நடுத்தரமான ஒன்று ஏறத்தாழ 200 மீட்டர் நீளமும் 32 மீட்டர் அகலமும் இருக்கும். உள்ளே பன்னிரண்டு, பதின்மூன்று தளங்கள். கொள்ளளவை 6,500 கார், 7,000 கார் என்று சொல்வார்களே, அந்தக் கணக்கில் வரும் கார் 1960-களின் டொயோட்டா கொரோனா. சுமார் 4.1 மீட்டர் நீளம், 1.55 மீட்டர் அகலம். இன்றைய கார்கள் அதைவிடப் பருத்தவை என்பதால், ஏட்டில் 6,500 என்றிருக்கும் கப்பலில் உண்மையில் ஏறுவது அதைவிடக் குறைவுதான்.

தூரத்திலிருந்து பார்த்தால் அழகில்லாத கப்பல் என்று பலர் சொல்வதுண்டு. நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஒரே ஒரு வேலைக்காக இவ்வளவு சுத்தமாக வடிவமைத்த கப்பல் வேறு கிடையாது. ஆனால் அந்த வடிவத்துக்குக் கொடுக்கும் விலையும் பெரிது. கார் ஓடித் திரும்ப வேண்டும் என்பதற்காக, மற்றக் கப்பல்களில் இருப்பதுபோல் குறுக்குச் சுவர்களை நெருக்கமாக வைக்க முடியாது. தளம் முழுவதும் ஒரே கூடம். தீப்பிடித்தால் தடுக்க ஆளில்லாமல் பரவும். தண்ணீர் புகுந்தால் நிலைமை இன்னும் மோசம். அகலமான தட்டில் தண்ணீரை ஏந்தி நடக்கும்போது அது ஒரு பக்கமாக ஓடிச் சேர்ந்து தட்டையே கவிழ்க்கப் பார்ப்பதுபோல, தளத்தில் தேங்கும் தண்ணீர் சாய்ந்த பக்கமே ஓடிக் கப்பலை மேலும் சாய்க்கும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே 30 மீட்டர் நிற்கும் பக்கவாட்டுச் சுவர் காற்றுக்கு 6,000 சதுர மீட்டர் பாய் விரித்த கணக்கு.

கப்பலை நிமிர்ந்து நிற்கவைப்பது அடியில் உள்ள தொட்டிகளில் நிரப்பும் பேலஸ்ட் நீரும், கனத்தை எந்தத் தளத்தில் வைக்கிறோம் என்ற கணக்கும்தான். 2019 செப்டம்பரில் அமெரிக்காவின் பிரன்ஸ்விக் துறைமுகத்திலிருந்து 4,000-க்கும் அதிகமான வாகனங்களோடு புறப்பட்ட கோல்டன் ரே, கால்வாயில் திரும்பும்போதே கவிழ்ந்தது. பேலஸ்ட் நீரின் அளவைக் கணினியில் தவறாகப் பதிந்ததே காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. 2015 ஜனவரியில் சவுத்தாம்ப்டனை விட்டுக் கிளம்பிய ஹோக் ஒசாகாவும் இப்படித்தான் சாய்ந்தது. சரக்கின் உண்மையான எடை, கணக்கில் எழுதியதைவிட அதிகமாக இருந்தது. பேலஸ்ட் அளவையும் அளந்து எழுதவில்லை, உத்தேசமாகப் போட்டிருந்தார்கள்.

ரோரோவா, கன்டெய்னரா

தானாக ஓடும், பிரேக் பிடிக்கும், ஸ்டீயரிங் திரும்பும் என்ற நிலையில் உள்ள சாதாரணக் காருக்கு ரோரோதான் சரி. செலவும் பெரும்பாலும் குறைவு. ஓடாத கார், தரையோடு ஒட்டிய ஸ்போர்ட்ஸ் கார், பாகம் கிடைக்காத பழைய கார் என்றால் கன்டெய்னர். துறைமுக யார்டில் அறிமுகமில்லாத ஓட்டுநர்கள் நாலைந்து முறை அதை எடுத்து நிறுத்துவதைத் தவிர்க்கலாம்.

கன்டெய்னரை எடுப்பவர்கள் முதலில் கதவின் அளவைப் பார்க்க வேண்டும். உள்ளகலம் சுமார் 2.35 மீட்டர். 1.8 மீட்டர் அகலக் காரை நட்டநடுவில் நிறுத்தினால் ஒவ்வொரு பக்கமும் 27 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். ஓட்டி உள்ளே போனவர் கதவைத் திறந்து வெளியே வர முடியாது. பலர் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்துவிட்டு, பிறகு கண்ணாடியை ஏற்றுவது எப்படி என்று முழிப்பார்கள். சரியான வழி, ஓட்டுநருக்கு எதிர்ப் பக்கச் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் மட்டும் விட்டுக் காரை ஒதுக்குவது. ஓட்டுநர் பக்கம் 45 சென்டிமீட்டர் கிடைக்கும். கதவின் விளிம்பில் அட்டையைச் சுற்றிக்கொண்டால் மெலிந்தவர் ஒருவர் இறங்கிவிடலாம். கார் முழுதாக உள்ளே வந்த அந்த நொடியே இன்ஜினை நிறுத்துங்கள். மூடிய இரும்புப் பெட்டிக்குள் ஓடும் இன்ஜினின் புகை ஆளைக் கொல்லும். மிச்சமுள்ள அரை மீட்டரைக் கையால் தள்ளிக்கொள்ளலாம்.

20 அடி பெட்டியின் உள்நீளம் ஏறத்தாழ 5.9 மீட்டர். ஒற்றைக் காருக்கு அது தாராளம். காரைப் பின்பக்கமாக ஏற்றுங்கள், பானெட் கதவுப் பக்கம் இருக்கும். எல்லாம் முடிந்தபின் பேட்டரியைக் கழற்றவும், போய்ச் சேர்ந்ததும் முதலில் அதை மாட்டவும் அதுதான் வசதி.

சக்கரத்துக்கு முன்னும் பின்னும் 10 சென்டிமீட்டர் கனமுள்ள கட்டை வைத்துத் தரையில் ஆணியடிக்க வேண்டும். தரை 28 மில்லிமீட்டர் பிளைவுட். கட்டை சூடேற்றிப் பதப்படுத்தி, மரத்தில் பூச்சி இல்லை என்பதற்கான ஐஎஸ்பிஎம் 15 முத்திரை குத்தியதாக இருக்கட்டும். முத்திரையில்லாத மரம் கண்ணில் பட்டால், பெட்டியையே நிறுத்தி வைக்கும் நாடுகள் உண்டு. தரையோரத்து வளையம் ஒவ்வொன்றும் ஒரு டன் இழுவையைத் தாங்கும் கணக்கில் செய்தது. ஆகவே ஒரே பெல்ட்டை நம்பாமல், நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியாக நான்கு பெல்ட் போடுங்கள். காரின் உடம்பைக் கீழே இழுத்துக் கட்டினால், கப்பல் ஆடும்போது சஸ்பென்ஷன் அமுங்கி எழும், பெல்ட் தளரும். சக்கரத்தைக் கட்டினால் அந்தத் தொல்லை இல்லை.

அளவும் எடையும்

ரோரோவில் கட்டணம் பெரும்பாலும் கன மீட்டர் கணக்கில் வரும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் போதும். இப்போதைய ஸ்விஃப்ட் 3.86 × 1.735 × 1.52, அதாவது சுமார் 10.2 கன மீட்டர். இனோவா கிறிஸ்டா 15.5-ஐத் தாண்டும். ஃபார்ச்சூனர் 16.3 வரும். அதன் கூரையில் 12 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கேரியர் மாட்டியிருந்தால் மேலும் ஒரு கன மீட்டருக்குக் காசு கட்ட வேண்டும். கேரியரைக் கழற்றிவிடுங்கள். ஆன்டெனாவையும் கழற்றி உள்ளே வையுங்கள். கப்பலின் கார் தளங்களில் பல சுமார் 1.7 மீட்டர் உயரமே உள்ளவை. உயரத்தைக் குறைத்துச் சொல்லி முன்பதிவு செய்த வண்டியை யார்டில் அளந்து பார்த்து, இந்தத் தளத்தில் ஏறாது என்று அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிடுவார்கள்.

தரைக்கும் அடிவயிற்றுக்கும் 10 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய காரில், சாய்தளம் முடிந்து தளம் தொடங்கும் மடிப்பில் எண்ணெய்த் தொட்டியின் அடி உரசும். அந்தக் கீறலுக்கு யாரும் நஷ்டஈடு தரமாட்டார்கள்.

காருக்குள் பொருள் அடைத்து அனுப்புவதைப் பற்றி ஏஜென்டுகள் சிலர் கண்டும் காணாமல் இருப்பார்கள். நீங்கள் செய்யாதீர்கள். காருக்கு 100 கிலோ என்று 5,000 கார்களில் ஏறினால், கப்பலின் கணக்கில் இல்லாத 500 டன் அது. அதுவும் மேல் தளங்களில் ஏறினால் எவ்வளவு கெடுதல் என்பதற்கு ஹோக் ஒசாகாவே சாட்சி. டிக்கியில் வைத்த மிக்ஸி திருட்டுப் போனால் காப்பீடும் கிடைக்காது. ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர், டோ ஹூக் (காரைக் கட்டி இழுக்க மாட்டும் கொக்கி) ஆகிய காரோடு வந்தவை மட்டும் உள்ளே இருக்கட்டும்.

பேட்டரி: இதில் மட்டும் சமரசம் வேண்டாம்

தீப்பிடித்த கார் கப்பல்கள் என்றாலே மின்சாரக் கார்தான் காரணம் என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. விசாரணை அறிக்கைகளைப் பார்த்தால் சாதாரண 12 வோல்ட் மின்சுற்று அடிக்கடி வருகிறது. 2015-இல் கரேஜ் என்ற கப்பலில் பற்றிய தீ, ஒரு காரின் ஏபிஎஸ் பிரேக் மாட்யூலில் தொடங்கியது. 2017-இல் ஹானர் கப்பலில் ஒரு தனியார் காரின் ஸ்டார்ட்டர் மோட்டார் சாலினாய்டு. 2020 ஜூனில் அமெரிக்காவின் ஜாக்சன்வில்லில் சுமார் 2,400 பழைய வாகனங்களோடு எரிந்த ஹோக் ஷியாமெனில், சரியாகக் கழற்றாத ஒரு பேட்டரி. அந்தக் கப்பலில் புகை கண்டறியும் கருவியை வாகனங்களை ஏற்றும் வேலைக்காக அணைத்து வைத்திருந்து, திரும்பப் போடாமலே விட்டிருந்தார்கள். தீயணைக்கப் போன ஒன்பது பேர் காயமடைந்தார்கள். இந்த மூன்றிலும் சாவி அணைந்து, நின்றுகொண்டிருந்த கார்கள்தான் தீயின் தொடக்கம்.

சாவியை அணைத்தாலும் பேட்டரியிலிருந்து சில இடங்களுக்கு மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் கழற்றச் சொல்வது. சார்ஜ் இறங்குவது இதில் இரண்டாவது தொல்லை. 30 மில்லி ஆம்பியர் கசிவு ஒரு நாளில் 0.72 ஆம்பியர் மணி. 40 நாளில் கிட்டத்தட்ட 29. 45 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதிக்கு மேல் போய்விடும், அதன்பின் ஸ்டார்ட் ஆகாது. பார்க்கிங் மோடில் விட்ட டேஷ்கேம் 250 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரே வாரத்தில் கதை முடிந்தது.

செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாகச் சொல்கிறேன்.

கார் வாங்கியபின் கூடுதலாக மாட்டியவற்றை முதலில் எடுங்கள். டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர், கூடுதல் ஹார்ன், எல்இடி பட்டை, கடையில் போட்ட மியூசிக் சிஸ்டத்தின் ஆம்ப்ளிஃபையர் ஆகியவை. இவற்றில் பல பேட்டரியின் பாசிட்டிவ்விலிருந்து ஃப்யூஸ் இல்லாமல் நேராக ஒயர் இழுத்து மாட்டியவை. கழற்றியபின் ஒயரின் முனையை அப்படியே தொங்கவிடக் கூடாது. கீழே சொல்வதுபோல் நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு, அந்த ஒயரைப் பாசிட்டிவ் பக்கமே அவிழ்த்துவிடுங்கள்.

அடுத்து, உங்கள் மாடலுக்கு ரீகால் அறிவிப்பு (குறையைச் சரிசெய்யத் தயாரித்த நிறுவனமே காரைத் திரும்ப அழைப்பது) ஏதும் நிலுவையில் உள்ளதா என்று சேசிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். மின்சாரம், எரிபொருள் குழாய், பிரேக் மாட்யூல் தொடர்பான ரீகால் இருந்தால் முடித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

பேட்டரியின் டெர்மினல்களில் பூத்திருக்கும் வெள்ளைப் பச்சை உப்பை வெந்நீர் ஊற்றித் துலக்குங்கள். பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளாம்ப் அசைகிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். கிளாம்ப் இல்லாமல் கயிற்றால் கட்டிய பேட்டரி கப்பல் ஆட்டத்தில் நகர்ந்து பானெட்டின் அடியைத் தொட்டால், அந்த ஒரு பொறி போதும்.

கழற்றும்போது எப்போதும் நெகட்டிவ் முதலில். பெரும்பாலான கார்களுக்கு 10 மில்லிமீட்டர் ஸ்பேனர். பாசிட்டிவ்வை முதலில் அவிழ்த்தால், ஸ்பேனர் தப்பித் தவறி உடம்பின் இரும்பைத் தொட்டதும் ஷார்ட் ஆகும். கழன்ற நெகட்டிவ் கேபிள் சுருள்போல் மீண்டும் டெர்மினல் பக்கமே வந்து படுக்கப் பார்க்கும். முனையை ரப்பர் மூடியாலோ இன்சுலேஷன் டேப்பாலோ முழுதாக மூடி, பேட்டரியின் பக்கவாட்டில் கீழே தள்ளிக் கட்டிவையுங்கள். அரைகுறையாகக் கழற்றிய கேபிள், கழற்றாததைவிட ஆபத்து. ஆட்டத்தில் தொட்டு விலகித் தொட்டு விலகிப் பொறி பறக்கும்.

கன்டெய்னரில் இதை நீங்களே செய்துவிடலாம். ரோரோவில் காரை ஓட்டி ஏற்றியபின் கப்பலுக்குள் வேறொருவர் கழற்ற வேண்டும். அவர் ஒரு ஷிப்டில் நூற்றுக்கணக்கான கார்களைப் பார்க்கிறவர். அவருடைய வேலையை எளிதாக்க, நெகட்டிவ் டெர்மினலில் திருகு வகைக் கட்-ஆஃப் சுவிட்ச் ஒன்றை மாட்டிவிடுங்கள். சில நூறு ரூபாய்தான். கையால் திருகினால் இணைப்பு துண்டிக்கப்படும், ஸ்பேனரே வேண்டாம். முன்கண்ணாடியின் உட்புறம் "பேட்டரி கட்-ஆஃப் உள்ளது" என்று போகும் நாட்டு மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள். ஏஜென்டுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ஹூண்டாய், கியா கார்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் ஃப்யூஸ் பெட்டியில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். உள்விளக்கு, ஆடியோ போன்றவற்றுக்குப் போகும் மின்சாரத்தை அது நிறுத்தும். சார்ஜ் இறங்குவதைக் குறைக்க அதையும் அணைக்கலாம், ஆனால் பேட்டரியைக் கழற்றுவதற்கு அது ஈடாகாது.

பேட்டரி டிக்கியில் இருந்து, டிக்கிக் கதவும் மின்சாரத்தில் திறப்பதாக இருந்தால் முன்கூட்டியே யோசியுங்கள். இலங்கைக்கு நிறையப் போன 30 வரிசை டொயோட்டா பிரியஸில் 12 வோல்ட் பேட்டரி பின்னால்தான். அது செத்துவிட்டால் டிக்கி திறக்காது. பானெட்டுக்குக் கீழே ஃப்யூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடி போட்ட இணைப்பு முனை இருக்கிறது. அங்கே வேறொரு பேட்டரியைக் கொடுத்தால் டிக்கி திறக்கும். இந்த விவரத்தை ஒரு தாளில் எழுதி, பெற்றுக்கொள்பவருக்கு அனுப்பிவையுங்கள்.

எரிபொருள், கியர், பிரேக்

ரோரோவுக்குக் கால் டேங்க்குக்கு மேல் வேண்டாம். கன்டெய்னருக்குச் சில லிட்டர் போதும். முற்றிலும் வற்றவிடவும் கூடாது. யார்டிலும் சாய்தளத்திலும் பல முறை ஓடும் கார் அது. ஏற்றத்தில் டேங்க் சாயும்போது பம்ப் காற்றை இழுத்து இன்ஜின் நின்றுவிட்டால், பின்னால் வரும் வரிசையே நிற்கும். எரிவாயு சிலிண்டர் உள்ள காரானால் வால்வை மூடி, சிலிண்டரைக் காலி செய்து, காலி என்பதற்கான தாளையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்படைப்பதற்கு முந்தைய இரவு காருக்கு அடியில் அட்டையை விரித்து நிறுத்துங்கள். காலையில் அதில் எண்ணெயோ பெட்ரோலோ சொட்டியிருந்தால் கார் எங்கும் போகக் கூடாது. கசியும் காரைக் கப்பல்காரர்களும் ஏற்றமாட்டார்கள்.

ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுத்து, மேனுவலில் முதல் கியர், ஆட்டோமேட்டிக்கில் பார்க். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள கார்களில் பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்பே அது விழுந்திருக்க வேண்டும். மின்சாரம் இல்லாவிட்டால் அதைப் போடவும் முடியாது, எடுக்கவும் முடியாது.

மின்சாரக் கார்களுக்குச் சரக்குப் பட்டியலில் வேறு எண். லித்தியம் அயான் பேட்டரி வாகனங்களுக்கு இப்போது யுஎன் 3556. முழு சார்ஜில் ஏற்ற விடமாட்டார்கள். எத்தனை சதவீதம் என்பதைக் கப்பல் நிறுவனம் சொல்லும், அதன்படி வைத்துக்கொண்டு போங்கள். அடிப்பகுதியில் இடிபட்ட, வெள்ளத்தில் நின்ற மின்சாரக் காரைக் கப்பலில் அனுப்ப நினைக்காதீர்கள். அந்த பேட்டரி பற்றிக்கொண்டால் அணைத்தபின்னும் மறுபடி பற்றும், நடுக்கடலில் அதற்கு வைத்தியம் இல்லை. அதே சமயம், நல்ல நிலையில் உள்ள மின்சாரக் காரைப் பார்த்து மிரளவும் தேவையில்லை. 2023 ஜூலையில் நெதர்லாந்துக் கடற்கரைக்கு அருகே எரிந்த ஃப்ரீமான்டில் ஹைவேயில் 498 மின்சாரக் கார்கள் இருந்தன. கரைக்கு இழுத்து வந்து பார்த்தபோது கீழ்த் தளங்களில் இருந்தவை, மின்சாரக் கார்கள் உட்பட, நல்ல நிலையில் இருந்தன.

எங்கே கட்டுவார்கள்

ஒரு காருக்கு வழக்கமாக நான்கு பெல்ட். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. தளத்தில் உள்ள துளையில் ஒரு கொக்கி, காரில் மறு கொக்கி, நடுவே பெல்ட்டை இறுக்கும் ராட்செட். தளத்துக்கும் பெல்ட்டுக்கும் இடையே 30 முதல் 60 டிகிரி சாய்வு இருந்தால்தான் கீழ் இழுவையும் பக்க இழுவையும் சேர்ந்து கிடைக்கும். செங்குத்தாகக் கட்டினால் பக்கவாட்டில் நகரும்.

ஓர் ஆட்டத்துக்கு 15 விநாடி என்று வைத்தாலும், கப்பல் ஒரு நாளில் 5,760 முறை சாய்ந்து நிமிரும். அத்தனை முறையும் காரின் எடையைத் தாங்கப் போவது அந்தக் கொக்கி மாட்டிய இடம்தான். 2006 ஜூலையில் அலாஸ்காவுக்குத் தெற்கே பேலஸ்ட் நீரை மாற்றும்போது கூகர் ஏஸ் கப்பல் 60 டிகிரி சாய்ந்தது. உள்ளே 4,703 புத்தம் புது மஸ்தா கார்கள். வாரக்கணக்கில் சாய்ந்தே கிடந்தும் மிகப் பெரும்பாலான கார்கள் கட்டிய பெல்ட்டிலேயே தொங்கி நின்றன. ஒழுங்காகக் கட்டிய பெல்ட்டின் பலம் அவ்வளவு. ஆனாலும் மஸ்தா அவற்றை விற்கவில்லை, எல்லாவற்றையும் நொறுக்கிவிட்டது. அத்தனை நாள் சாய்ந்து கிடந்த கார்களை நம்பி யாருக்கும் விற்கக் கூடாது என்ற அந்த முடிவு எனக்குப் பிடித்தது.

உங்கள் வேலை, கட்டுகிறவருக்குச் சரியான இடத்தைக் காட்டுவது. இன்றைய கார்கள் பலவற்றில் டோ ஹூக் தனியாகக் கழன்று, ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கருவிப் பையில் கிடக்கும். திருட்டுக்குப் பயந்து அந்தப் பையை வீட்டில் எடுத்து வைத்துவிடுவது எல்லோரும் செய்யும் தப்பு. ஹூக் கிடைக்காதபோது கட்டுகிறவர் கைக்கு எட்டியதில் மாட்டுவார். அது ஸ்டீயரிங் டை ராடாக இருக்கலாம், ஆன்டி-ரோல் பாராக இருக்கலாம், சைலன்சராகவும் இருக்கலாம். கார் இறங்கியபின் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

எனவே ஹூக்கை நீங்களே மாட்டிக்கொடுங்கள். பம்பரில் உள்ள சிறு மூடியைத் தட்டி எடுத்துத் திருகுங்கள். சில ஐரோப்பியக் கார்களில் மரை இடப்பக்கம் சுற்றும், அதனால் இறுகவில்லை என்று பாதியில் விட்டுவிடாமல் எதிர்ப்பக்கம் சுற்றிப் பாருங்கள். மரை முழுவதும் உள்ளே போக வேண்டும். பாதி ஏறிய ஹூக் வளையும். காரின் கையேட்டில், கப்பலிலோ லாரியிலோ கட்டுவதற்கென்று தனி இடங்கள் காட்டியிருந்தால் அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கையுறைப் பெட்டியில் வையுங்கள்.

கழுவுவது

ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ போகும் காரானால், மினுமினுப்பைவிட மண் முக்கியம். ஒரு கைப்பிடி சேறு, சில புல் விதைகள் போதும், திரும்பக் கழுவும் செலவை உங்கள் தலையில் கட்டுவார்கள். 2018-இல் துர்நாற்றப் பூச்சி இருந்ததற்காகக் கார் கப்பல்களையே நியூசிலாந்து திருப்பி அனுப்பியது. வைப்பருக்குக் கீழே இலை சேரும் பள்ளம், ரேடியேட்டர் இடுக்கு, சக்கர வளைவின் பிளாஸ்டிக்குக்குப் பின்புறம், ஸ்டெப்னிக் குழி, சீட் தண்டவாளம், ஏசி ஃபில்டர் ஆகியவை மறக்காமல் பார்க்க வேண்டிய இடங்கள். கழுவியபின் இரண்டு நாள் வெயிலில் கதவைத் திறந்துவைத்து உலர்த்துங்கள். ஈரக் கார்பெட்டோடு கன்டெய்னரில் அடைத்தால், திறக்கும்போது சீட் முழுக்கப் பூஞ்சை.

அழுக்கோடு ஒப்படைத்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு. யார்டில் சர்வேயர் எழுதும் தாளில் அழுக்கால் கீறல்களைப் பார்க்க முடியவில்லை என்று குறித்துவிட்டால், பிற்பாடு எந்தக் கீறலுக்கும் கேட்க முடியாது.

தாள்களும் காப்பீடும்

பில் ஆஃப் லேடிங்கில் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் சீட்டு) உள்ள சேசிஸ் நம்பரை காரில் அச்சடித்ததோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள், ஆர்.சி. புத்தகத்தோடு மட்டும் ஒப்பிட்டு விட்டுவிடாதீர்கள். 17 இலக்க நம்பரில் ஆங்கிலத்தின் ஐ, ஓ, க்யூ எழுத்துகள் வரவே வராது. ஓ போலத் தெரிந்தால் அது பூஜ்ஜியம், ஐ போலத் தெரிந்தால் ஒன்று. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த கார்களில் இந்த 17 இலக்கம் இருக்காது. நடுவில் கோடு போட்ட, குட்டையான நம்பர்தான் அவற்றுக்கு. அதை 17 ஆக்கப் பார்க்காமல் அப்படியே எழுத வேண்டும்.

காப்பீடு இல்லாமல் அனுப்பவே அனுப்பாதீர்கள். இரண்டு காரணங்கள். ஒன்று, ஹேக்-விஸ்பி விதிகள் பொருந்தும் பயணத்தில் கப்பல்காரரின் பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. கிலோவுக்கு 2 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அல்லது ஓர் உருப்படிக்கு 666.67 எஸ்டிஆர், இரண்டில் எது அதிகமோ அது. ஒரு டன் காருக்கு 2,000 எஸ்டிஆர். இருபது லட்ச ரூபாய் காருக்கு அது எந்த மூலைக்கு?

மற்றது, ஜெனரல் ஆவரேஜ். கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற இழுவைக் கப்பல் அமர்த்துவது போன்ற செலவு ஏற்பட்டால், அதைக் கப்பல் உரிமையாளரும் சரக்கு உரிமையாளர்கள் எல்லோரும் மதிப்புக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் காரில் ஒரு கீறல்கூட விழாமல் இருக்கலாம். ஆனாலும் பங்குக்கு உறுதிப்பத்திரம் கொடுத்தால்தான் காரை விடுவிப்பார்கள். காப்பீடு இருந்தால் அந்தப் பத்திரத்தைக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். பழைய கார் என்றதும் "மொத்த நஷ்டத்துக்கு மட்டும்" என்ற பாலிசியைத்தான் முதலில் நீட்டுவார்கள். ஏ பிரிவு எனப்படும் விரிவான பாலிசி கிடைக்குமா என்று கேளுங்கள். எந்த பாலிசியானாலும் ஜெனரல் ஆவரேஜ் அதில் அடக்கமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒப்படைக்கும் நாளில் நான்கு பக்கம், கூரை, நான்கு ரிம், முன்கண்ணாடி, ஓடோமீட்டர், சேசிஸ் நம்பர், பேட்டரி ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். சாவியில் ஒன்றை மட்டும் கொடுங்கள். ஃபாஸ்டேக்கை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போகும்போதும் சுங்கச்சாவடி பணம் பிடித்துவிடும்.

இறங்கியதும்

பேட்டரியை மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். கண்ணாடி ஏற்றும் நினைவு, கடிகாரம், சில கார்களில் ரேடியோ குறியீடு ஆகியவை போயிருக்கும், கையேட்டைப் பார்த்து மீட்டுக்கொள்ளலாம். முதல் சில பிரேக்கில் கரகரவென்று சத்தம் வரும். அது டிஸ்க்கில் ஏறிய மேல் துரு, நாலைந்து முறை அழுத்தினால் போய்விடும். ஹேண்ட்பிரேக்கை இறக்கியும் பின்சக்கரம் நகரவில்லையென்றால் டிரம்மில் லைனிங் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்து இழுக்காதீர்கள், டிரம்மின் மேல் ரப்பர் சுத்தியலால் தட்டினால் விடுபடும். நீண்ட நாள் ஒரே இடத்தில் நின்றதால் டயர் தட்டையாகியிருந்தால் 50, 60 கிலோமீட்டரில் ஓடவிட்டுப் பாருங்கள், சூடேறினால் பெரும்பாலும் சரியாகும். நூறு கிலோமீட்டர் ஓடியும் அதிர்ந்தால் டயர் கெட்டது.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. காரை யார்டிலிருந்து எடுக்கும் முன்பே குனிந்து அடியைப் பாருங்கள். டோ ஹூக் வளைந்திருக்கிறதா, டை ராடில் பெல்ட் தேய்ந்த தடம் இருக்கிறதா, சைலன்சர் தொங்குகிறதா என்று. ஏதாவது இருந்தால் பெற்றுக்கொண்டதற்கான தாளில் அதை எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். வெளியே தெரியாத சேதமானால், காரைப் பெற்ற மூன்று நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வழக்குப் போடும் உரிமை ஒரு வருடத்தில் முடிந்துவிடும். கடிதப் போக்குவரத்திலேயே பதினோரு மாதத்தை ஓட்டிவிடுவார்கள் என்பதால், பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்று சும்மா இருக்காமல், காலநீட்டிப்பை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.